அப்பாவைத் தெரியும், போட்டைத் தெரியாது

2017 டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை காலை. ஒக்கிப் புயல் அடித்த மறுநாள். எங்கள் ஊர்க் கோவில் முற்றத்தில் மேசை போட்டு, கடலில் இருந்து இன்னும் வராதவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. அப்பா பெயர், அண்ணன் பெயர், வயது எல்லாம் சொன்னேன்.

"போட்டு பேரு?"

படகின் பெயரைச் சொன்னேன். ஒரு புனிதரின் பெயர்.

"இந்தப் பேருல கொச்சியில எத்தனையோ போட்டு கெடக்கு மக்களே. நம்பர் சொல்லு."

தெரியவில்லை. தமிழ்நாட்டுப் பதிவா, கேரளப் பதிவா? தெரியவில்லை. கூடப் போனவர்கள் யார்? போட்டை ஓட்டுகிற ஸ்ராங்கின் பெயர் தெரியும். பூத்துறைக்காரர் ஒருவர் உண்டு, அவர் குறட்டையைப் பற்றி அப்பா சிரித்துச் சிரித்துச் சொல்வார், அவ்வளவு தெரியும். அப்பாவுக்குக் குழம்பில் எவ்வளவு புளி வேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வருடத்தில் பாதிக்கு மேல் அவர் வாழ்கிற அந்த 60 அடிப் போட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மேசை முன்னால் நின்ற ஐந்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று வரிசையாக எட்டு ஊர்கள். நீரோடியைத் தாண்டினால் கேரளம். ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடுவதில் எங்கள் ஆட்கள் பேர்போனவர்கள். சுறா, சூரை, கேரை என்று தேடி லட்சத்தீவையும் தாண்டிப் போவார்கள். ஒரு தங்கல் என்றால் 20 நாள், 30 நாள், சில நேரம் 40 நாள்கூட ஆகும். போட்டு கிடப்பது பெரும்பாலும் கொச்சி தோப்பும்படியில். பதிவும் பல போட்டுகளுக்குக் கேரளத்தில்தான். ஆள் தமிழ்நாடு, போட்டு கேரளம். சாதாரண நாட்களில் இது யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை.

அப்பாவும் மகனும் ஒரே போட்டில் போவதை எங்கள் வீட்டில் அம்மா விடமாட்டாள். ஒரு போட்டில் இரண்டு உயிரை வைக்கக் கூடாது என்பாள். அந்த முறை ஒரு ஆளுக்கு மஞ்சள்காமாலை வந்துவிட்டது, ஆள் குறைகிறது என்று அண்ணன் ஏறிவிட்டான். நவம்பர் 18ஆம் தேதி தோப்பும்படியில் இருந்து புறப்பட்டார்கள். மொத்தம் 11 பேர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுவோம் என்று அப்பா போனில் சொன்னார். போட்டு கரையை விட்டு 15, 20 கிலோமீட்டர் போனால் செல்போன் செத்துவிடும். அதற்கப்புறம் வயர்லெஸ்தான். அதுவும் பக்கத்தில் கிடக்கிற போட்டுகளோடுதான் பேச முடியும், கரையோடு அல்ல.

புயல் எச்சரிக்கை என்று ஒன்று வந்தபோது நவம்பர் 29 ஆகியிருந்தது. இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம் என்றார்கள். மறுநாள் 30ஆம் தேதி காலையில் அது புயலாகி, ஒக்கி என்று பெயரும் வாங்கிவிட்டது. வங்காள மொழியில் கண் என்று பொருளாம். ஒரே நாளில் இப்படி முற்றும் புயலை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் பார்த்ததில்லை. 29 சாயங்காலம் ஃபைபர் வள்ளங்களில் ஒரு ராத் தொழிலுக்குப் போனவர்களும் வெளியில், 18ஆம் தேதி போன அப்பாவும் வெளியில். எச்சரிக்கை வந்தது. அவர்கள் காதில் விழ வழியில்லை.

கரையில் தென்னை, ரப்பர், வாழை எல்லாம் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து, மாவட்டமே பல நாள் இருட்டில் கிடந்தது. கோவிலில் ஜெனரேட்டர் போட்டார்கள். ஊரே போனையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு அங்கே வந்தது.

கடலில் நடந்தது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்பா ஒரு பாதியும் அண்ணன் ஒரு பாதியும் சொன்னார்கள், அதுவும் ஒரே நாளில் இல்லை.

30ஆம் தேதி இரவு அவர்கள் கேரளக் கரைக்கும் லட்சத்தீவுக்கும் நடுவில் இருந்திருக்கிறார்கள். மழை விழவில்லை, பக்கவாட்டில் அடித்தது என்றார் அப்பா. நள்ளிரவுக்கு மேல் ஒரு அலை வீல் ரூம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. எஞ்சினில் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் தண்ணீர் இறைக்கும் பம்பும் நின்றுவிடும், விளக்கும் இல்லை, வயர்லெஸ்ஸுக்குப் பேட்டரியில் எவ்வளவு மிச்சமோ அவ்வளவுதான். விலாவில் அலை வாங்கினால் போட்டு கவிழ்ந்துவிடும் என்று, இருந்த கயிறு, பழைய வலை, டயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, போட்டின் முன்பக்கமான அணியத்தில் இருந்து கடலில் விட்டார்கள். அது தண்ணீரில் இழுத்துப் பிடித்துக்கொள்ள, போட்டு அலைக்கு முகம் காட்டி நின்றது. விடிய விடிய வாளியால் இறைத்திருக்கிறார்கள்.

விடிந்தபோது இன்னொரு போட்டு கண்ணில் பட்டது. வயர்லெஸ்ஸில் 16ஆம் சானலில் ஸ்ராங்கு கத்தியதை அவர்கள் கேட்டுத் தேடி வந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒட்ட முடியாது, அலை இரண்டையும் மோதி நொறுக்கிவிடும். அதனால் மிதவை கட்டிய கயிற்றை வீசினார்கள். ஒவ்வொரு ஆளாக மிதவையைப் பிடித்துக் குதிக்க, அந்தப் பக்கம் இழுத்து எடுத்தார்கள். சின்னப் பையன்கள் முதலில் என்று ஸ்ராங்கு சொல்லிவிட்டார். அண்ணன் மாட்டேன் என்றிருக்கிறான்.

"ஏறிப் போலே மக்கா, நான் பொறத்தால வாறேன்."

இதைச் சொல்லிவிட்டு அப்பா அவனைப் பிடித்துத் தள்ளினார் என்று அண்ணன் சொல்கிறான். தள்ளவில்லை, கை கொடுத்தேன் என்று அப்பா சொல்கிறார். இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை முடியவில்லை.

அண்ணன் ஐந்தாவது ஆள். அவன் அந்தப் பக்கம் ஏறியதும் கயிறு அறுந்தது. அப்புறம் மழை மறைத்தது. அரை நாள் சுற்றியும் அப்பாவின் போட்டைக் காணவில்லை. டீசல் தீருவதற்குள் புயலை விட்டு விலகியாக வேண்டும் என்று அந்த ஸ்ராங்கு வடக்கே ஓட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. அண்ணன் மட்டும் ரொம்ப நாள் குறை சொன்னான், அவரையில்லை, தன்னை.

வடக்கே ஓடிய போட்டுகள் நிறைய மகாராஷ்டிரத்தில் சிந்துதுர்க் மாவட்டம் தேவ்கட் துறைமுகத்தில் ஒதுங்கின. டிசம்பர் 2ஆம் தேதியே 68 போட்டுகளும் 952 பேரும் அங்கே பத்திரமாக இருக்கிறார்கள் என்று அந்த மாநில முதலமைச்சர் அறிவித்தார். 68இல் 66 கேரளப் போட்டு, 2 தமிழ்நாட்டுப் போட்டு என்று செய்தி. எங்கள் ஊரில் அதைக் கேட்டுச் சிலர் அழுதேவிட்டார்கள், நம்ம ஆள் ரெண்டு போட்டுதானா என்று. அந்த 66இலும் எங்கள் ஆட்கள் இருப்பார்கள் என்று புரியவைக்க அரை நாள் ஆனது. போட்டு எந்த மாநிலப் பதிவு என்பது வீட்டில் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் இப்போது பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வது இதனால்தான். தேடுகிற பட்டியல் ஆளின் ஊரை வைத்துப் போகாது, போட்டின் நம்பரை வைத்துப் போகும்.

அண்ணன் ஏறிய போட்டு 4ஆம் தேதிதான் தேவ்கட் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒருவர் நோட்டோடு வந்து பெயர் எழுதியிருக்கிறார். இவனுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழும் மலையாளமும் தெரியாது. நமக்கு இனிஷியல்தான். அங்கே தன் பெயர், அதன் பிறகு அப்பா பெயர் என்று முழுசாக எழுதுவார்கள். இவன் இனிஷியலை அவர் விரித்துக் கேட்க, இவன் அப்பா பெயரைச் சொல்ல, அவர் இரண்டையும் எழுதிக்கொண்டார். அந்தப் பட்டியல் போனில், வாட்ஸ்அப்பில், கைமாறி கைமாறி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது முன்பாதி உதிர்ந்து பின்பாதி மட்டும் இருந்தது. அதாவது அப்பாவின் பெயர்.

4ஆம் தேதி இரவு எங்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி இது. அப்பா தேவ்கட்டில் இருக்கிறார், அண்ணன் பெயர் எதிலும் இல்லை.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்து, "ஒருத்தராவது கெடச்சாரே" என்றாள். அவள் வீட்டு மாமா 29 சாயங்காலம் ஃபைபரில் போனவர். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம், தோப்பும்படியில் மீன் ஏலம் பார்க்கும் தரகர் ஒருவர் வழியாக ஒரு போன் வந்தது. அண்ணனின் போன் கடலில் போய்விட்டது. அவனுக்கு வீட்டு நம்பர் ஒன்றுகூட மனப்பாடம் இல்லை, எல்லாம் போனுக்குள்தான் இருந்தன. அந்தப் போட்டு ஸ்ராங்கு தன் முதலாளியைக் கூப்பிட்டு, முதலாளி தரகரைக் கூப்பிட்டு, தரகரிடம் இருந்த அம்மாவின் நம்பர் தேவ்கட் போய்ச் சேர ஒரு நாள் முழுக்க ஆகியிருக்கிறது.

"அம்மா, நான்தான். அப்பா வந்தாச்சா?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மாவின் முகம் மலர்ந்தது, அப்படியே நின்றது. மகன் உயிரோடு இருக்கிறான் என்பதும் புருஷன் அங்கே இல்லை என்பதும் ஒரே வாக்கியத்தில் வந்து சேர்ந்தன. "வருவாரு மக்களே, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள்.

அன்றைக்குத்தான் நான் ஒரு நோட்டு வாங்கினேன். யார் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள், அவர்களுக்கு யார் சொன்னது என்று நான்கு கட்டம். செய்தி சொல்கிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி, நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, குரல் கேட்டீர்களா? முக்கால்வாசிப் பேர், இல்லை, இன்னொருத்தர் சொன்னார் என்பார்கள். அவற்றை அம்மாவிடம் சொல்வதை நிறுத்தினேன். ஊரில் என் வயதுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, எங்கள் நோட்டுகளை ஒட்டிப் பார்த்து, ஒரே ஆள் மூன்று பட்டியலில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பதைக் கண்டுபிடித்தோம். அப்படி இரண்டு வீட்டுக்கு நல்ல செய்தி கொண்டுபோனோம். எனக்கு அந்த நாட்களில் கிடைத்த ஒரே நிம்மதி அது.

அதே நோட்டால் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வாட்ஸ்அப் இருந்தது அம்மாவின் போனில்தான். என்னுடையது பட்டன் போன். பட்டியல், போட்டோ, விசாரிப்பு எல்லாம் அம்மாவின் போனில் நடத்தினேன். ஒன்று நம்பர் பிஸியாக இருக்கும், இல்லையென்றால் சார்ஜ் இறங்கி அணைந்து கிடக்கும். கோவில் ஜெனரேட்டரில் சார்ஜ் போட வரிசை. இது எங்கே போய் இடித்தது என்று பின்னால் வருகிறேன்.

7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்துக்கு எங்கள் கரையே நடந்தது. ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். தேடுங்கள், ஆழ்கடலுக்குப் போய்த் தேடுங்கள், எங்கள் ஆட்களையும் கூட்டிப்போங்கள் என்பதுதான் கோரிக்கை. அம்மா அப்பாவின் கல்யாண போட்டோவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், வேறு போட்டோ இல்லை. 25 வயது முகத்தை வைத்து 50 வயது ஆளை யார் தேடுவார்கள்? வருடத்துக்கு ஒரு தடவையாவது, சட்டை போட்டும் போடாமலும், முகம் நேராகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். தழும்பு, பச்சைக்குத்து, கட்டின பல் இருந்தால் எழுதி வையுங்கள். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, கரை ஒதுங்கிய உடல்களை அடையாளம் காண அந்த நாட்களில் உறவினர்களிடம் ரத்தம் எடுத்து மரபணு சோதனைக்கு அனுப்பினார்கள். அதற்கு மனைவியின் ரத்தம் உதவாது. பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் வேண்டும். பக்கத்து வீட்டு மாமி கையை நீட்டிக்கொண்டு போய் நின்றாள். உங்களுடையது வேண்டாம், பையனை வரச்சொல்லுங்கள் என்றபோது அவள் நின்ற நிலை எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு வருகிறேன். கயிறு அறுந்தபின் ஆறு பேரும் ஆறு நாள் கடல் இழுத்த பக்கம் மிதந்திருக்கிறார்கள். சமைக்க வழியில்லை, அடுப்பும் கேஸும் அலையில் போய்விட்டன. அரிசியை நனைத்து மென்றார்கள். குடிதண்ணீர் டேங்கில் உப்பு கலந்துவிட்டது. கட்டி வைத்திருந்த ஒரு கேன் மட்டும் மிச்சம். அது தீர்ந்ததும் மீன் அறையில் இருந்த ஐஸ்தான் உயிர் காத்தது. மீன் வாடையோடு உருகிய அந்தத் தண்ணீரை ஸ்ராங்கு மூடியால் அளந்து கொடுத்திருக்கிறார், ஆளுக்கு இத்தனை மூடி என்று. கடல் தண்ணீரைக் குடிக்கப் போன ஒரு பையனை இரண்டு பேர் பிடித்து வைத்தார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போனால் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும், தாகம் கூடும், புத்தி பேதலிக்கும். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் கை போயிருக்கிறது.

லைஃப் ஜாக்கெட் போட்டில் இருந்தது. அதுவரை அது தலையணை. அப்பா அன்றைக்குத்தான் முதல்முறை அதன் வாரைச் சரியாகக் கட்டினாராம், இருட்டில், நடுங்குகிற கையோடு. இப்போது துறைமுகம் தாண்டும்போது ஒரு தடவை எல்லாரும் மாட்டிக் கழற்ற வேண்டும் என்று அவர் சொல்வதைப் புதுப் பையன்கள் கேலி செய்கிறார்களாம். உள்பக்கத்தில் அழியாத மையால் இரண்டு போன் நம்பர் எழுதச் சொன்னது நான். அண்ணன் கதைக்குப் பிறகு அதற்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை.

6ஆம் தேதி வேறொரு மீன்பிடிப் போட்டு அவர்களைக் கண்டு கட்டி இழுத்துக்கொண்டுபோய் லட்சத்தீவில் கல்பேனியில் சேர்த்தது. அந்தத் தீவையும் புயல் புரட்டிப் போட்டிருந்தது. இருந்தும் வீட்டுக்கு வீடு கஞ்சி, இளநீர், உடுதுணி என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். வாயில் ஊற்றியதை முதல் நாள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தார்களாம். காய்ந்த வயிற்றுக்கு ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாது என்று அங்கிருந்த ஒரு வயதான அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் பேசுவது மலையாளத்தை ஒட்டிய பேச்சு, அப்பாவுக்குப் புரியும்.

போன் தொடர்பு சரியாக இல்லை. 8ஆம் தேதி யாரோ ஒருவருடைய போனில் லைன் கிடைத்தது. அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் ஒரு நம்பர், அம்மாவின் நம்பர், ஜெபமாலை மந்திரம் போல மனதில் இருக்கும். பழைய நாளில் கொச்சியில் காசு போட்டுப் பேசும் பெட்டியில் இருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதிந்தது. மூன்று முறை அடித்தார். மூன்று முறையும் ஸ்விட்ச் ஆஃப்.

நான்தான். அன்று காலையில் இருந்து பட்டியல் போட்டோக்களை அனுப்பிச் சார்ஜைத் தீர்த்திருந்தேன். மறுபடி அவருக்கு லைன் கிடைத்தது 10ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் படியிறங்கும்போது. இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் அம்மா கறுப்புச் சேலையை வெளியே எடுத்து மடித்து வைத்திருந்தாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

ஒரு விபத்து என்று வந்தால், போனவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் எதுவோ அந்தப் போனைத் தொடாதீர்கள். சார்ஜில் போட்டு, ஒருவரைக் காவல் வைத்து, சும்மா விட்டுவிடுங்கள். விசாரிப்புக்கு வேறு போன். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன் என்றாலும் சரிதான்.

மற்ற நம்பர்களையும் சொல்லிவிடுகிறேன். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093. வயர்லெஸ்ஸில் 16ஆம் சானல் ஆபத்து அழைப்புக்கு உள்ளது. அதில் குசலம் விசாரிக்காமல் காலியாக வைத்தால்தான் ஒருவன் கத்துவது இன்னொருவனுக்குக் கேட்கும். ஒக்கிக்குப் பிறகு, கரையில் இருந்து எச்சரிக்கையை செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கு அனுப்பும் கருவிகள் வந்தன. முதலில் வந்தவை கரை சொல்வதைக் கேட்க மட்டும்தான். பதில் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் செய்தி போகிற டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் போட்டுகளில் வைக்கும் திட்டம் 2024இல் தொடங்கியது. உங்கள் போட்டில் அது இருக்கிறதா, இருந்தால் ஓடுகிறதா என்று ஒரு முறை கேளுங்கள். பேட்டரியைக் கழற்றி டார்ச்சுக்குப் போடுகிற ஆட்களும் நம்மில் உண்டு, ஒளிக்க வேண்டியதில்லை.

காணவில்லை என்றதும் போலீஸ் நிலையத்திலும் மீன்துறையிலும் எழுத்தில் கொடுத்து, முத்திரை வைத்த நகல் வாங்குங்கள். ஒரு அலுவலகத்தில் எங்கள் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, நகல் எதற்கு, உங்களை நம்ப மாட்டோமா என்றார்கள். அடுத்த வாரம் அந்த மனுவே அங்கே இல்லை. சட்டப்படி ஒருவர் காணாமல் போய் ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகக் கருதுவார்கள். ஒக்கியில் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். மாமிக்குக் கிடைத்தது. அதற்கும் அவள் கையில் இருந்த காகிதங்கள்தான் துணை. நல்லபடியாகத் திரும்பி வந்தவர்கள் வீட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது, புகாரை முடித்துவைக்க வேண்டும். நாங்கள் அதை மறந்துபோய், மூன்று மாதம் கழித்து அப்பாவைத் தேடி ஒரு போலீஸ்காரர் வந்து அவர் கையாலேயே காப்பி வாங்கிக் குடித்தார்.

அண்ணனின் போட்டு கடல் அடங்கியபின் தேவ்கட்டில் இருந்து கிளம்பி 12ஆம் தேதி கொச்சி வந்தது. அவன் ஊருக்கு வரவில்லை. அப்பா இருக்கிறார் என்று தெரிந்தும், அவர் இல்லாமல் அம்மா முன்னால் வந்து நிற்கமாட்டேன் என்று தோப்பும்படியிலேயே கிடந்தான். நாங்களும் போனோம். 14ஆம் தேதி வெல்லிங்டன் தீவில் லட்சத்தீவுக் கப்பல் வந்து நின்றது.

இறங்கி வந்தவரை எனக்கு முதலில் தெரியவில்லை. யாரோ கொடுத்த பெரிய சட்டை, தோள் இரண்டும் உள்ளே ஆடின. உதடு வெடித்து, கணுக்கால் வீங்கியிருந்தது. அம்மா ஓடவில்லை, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அப்பா நேராக அண்ணனிடம் வந்தார். கால்களைப் பார்த்தார்.

"செருப்பு எங்கலே?"

அண்ணன் 13 நாளாகச் செருப்பில்லாமல்தான் இருந்திருக்கிறான். எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். அப்புறம் எல்லாரும்.

ஊருக்கு வந்தபோது வெடி போடவில்லை. அந்த வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் நட்சத்திரம் தொங்கவில்லை. மாமி வந்து அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அவரைக் கண்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல அப்பாவுக்கு வெகுநேரம் ஆனது.

திரும்பி வந்தவர்களை விட்டுவிட வேண்டும். தினமும் பத்துப் பேர் வந்து, என்ன நடந்தது, சொல்லுங்கள் என்பார்கள். ஒவ்வொரு முறை சொல்லி முடித்ததும் அன்றிரவு அப்பா தூங்கமாட்டார். கடைசியில் அம்மா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, காய்ச்சல் என்று சொல்லி எல்லாரையும் திருப்பினாள். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அண்ணன் எழுந்து கதவைத் திறந்து வைப்பான், பூட்டிய அறைக்குள் இருக்க மாட்டான். ஒரு வருடம் அப்படி. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மருந்து கொஞ்சம், பேச்சு கொஞ்சம். ஊரில் பைத்தியம் என்று பேசினார்கள், பேசட்டும் என்று விட்டோம். அவன் கடலுக்குத் திரும்பவில்லை. இப்போது துபாயில் ஏசி மெக்கானிக். அப்பா மட்டும் அடுத்த ஏப்ரலில், எங்கள் யாரிடமும் கேட்காமல், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஐந்தாம் வகுப்பு படித்த அம்மா அன்றைக்கு ஒரு நிபந்தனை போட்டாள். துறைமுகத்தில் கயிறு அவிழ்க்கும் முன்னால் போன் பண்ண வேண்டும். போட்டு பெயர், பதிவு நம்பர், நிறம், முதலாளி நம்பர், ஏறிய ஒவ்வொருவரின் ஆதாரில் உள்ள பெயர், அவர் அப்பா பெயர், ஊர், எந்தத் திசைக்குப் போகிறார்கள் என்பது வரை சொல்ல வேண்டும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் பென்சிலால் எழுதுவாள். அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, நான் போட்டோ எடுத்து அண்ணனுக்கும் பங்குத்தந்தைக்கும் அனுப்ப வேண்டும்.

போன மாதமும் கூப்பிட்டார். அம்மா எழுதி முடித்து எண்ணினாள்.

"பதினோரு பேருன்னீங்க, பத்துதான் இருக்கு."

அப்பா முதலில் இருந்து சொன்னார். மறுபடியும் பத்து. ஒருத்தரை விட்டுட்டீங்க என்றாள் அம்மா. இல்லை, எல்லாரையும் சொல்லிவிட்டேன் என்றார் அவர். மூன்றாவது முறையும் பத்துதான் வந்தது. அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள். போனை வைக்க அம்மா விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பா தன் பெயரைச் சொன்னார். அவர் அப்பா பெயரையும் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டாள்.